தாழ்ந்த சுரம் எங்கே ஒலிக்கிறது?

தருமபுரி மாவட்டத்தின் மிகத் தாழ்ந்த குரலை அங்கே வாழும் மனிதர் எவரும் முழுசாகக் கேட்டதில்லை. அது யானையின் குரல். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் காடுகளிலும் ஒகேனக்கல்லை ஒட்டிய மலைகளிலும் திரியும் யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உறுமலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் வினாடிக்கு 14 முதல் 24 வரை. மனிதக் காது விழித்துக்கொள்வதே ஏறத்தாழ 20-இல்தான். காட்டோரத்தில் நிற்பவருக்குக் கேட்கும் உறுமல், அந்த ஒலியின் மேல்பகுதி மட்டுமே.

இந்த ரகசியத்தைப் பிடித்தவருக்கு உதவியது இசைப் பயிற்சி. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே இருந்த ஆய்வாளர் கேட்டி பெய்ன், காற்று துடிப்பதை உடம்பால் உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. முன்பு சேர்ந்திசைக் குழுவில் பாடிக்கொண்டு நின்றபோது, ஆர்கனின் மிகப் பெரிய குழாய் ஒலித்தால் இதே துடிப்பு வருமே என்று பிறகு அவருக்கு நினைவு வந்தது. ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, 1986-இல் அவரும் இரு சகாக்களும் ஆசிய யானையின் கேளா ஒலியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள்.

மனிதர் கையிலும் இந்த எல்லையை நெருங்கும் வாத்தியம் ஒன்று உண்டு: பேஸ் கிட்டார். அதன் நான்கு கம்பி வகையில் தடித்த கம்பி, அதாவது 'ஈ', வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. மற்ற மூன்றும் 55, 73, 98. ஐந்து கம்பி வாத்தியத்தில் கூடுதலாக வரும் 'பி' கம்பி 31. மனிதக் காதின் கீழ் எல்லைக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தூரம் வரை இறங்கி விளையாடும் வாத்தியம் பேஸ். அந்த எல்லையோரத்தில் ஒலியும் காதும் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அந்த நடத்தையைப் புரிந்துகொண்டவருக்கு எந்த பேஸ் கிட்டாரை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

தாழ்ந்த ஒலிக்குத் தருமபுரியில் பஞ்சமே இல்லை. ஆடியில் மாரியம்மன் பண்டிகை என்றால் பம்பை, உறுமி. கூத்து என்றால் மத்தளம். கல்யாணம் என்றால் தவில். இரவில் இரண்டு ஊர் தள்ளி மேளம் அடித்தாலும் 'தும் தும்' மட்டும் வந்து சேரும். உயர்ந்த ஒலிகளைக் காற்று வழியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. வீடும் மரமும் மறிக்கின்றன. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. 41 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 41 அதிர்வு) அலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஓட்டு வீட்டையெல்லாம் அது வளைந்து கடந்து போய்விடும்.

ஆனால் தாழ்ந்த ஒலி வேறு, தாழ்ந்த சுரம் வேறு. கம்பி ஒன்று அதிரும்போது அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு மேற்சுரங்களும் சேர்ந்து பிறக்கின்றன. 41 என்றால் 82, 123, 164 என்று சீரான ஏணி. இந்தச் சீரைப் பிடித்துக்கொண்டுதான் காது சுருதியை அறிகிறது. இழுத்துக் கட்டிய வெறும் தோலில் இந்த ஏணி கிடையாது. அதன் மேல் அதிர்வுகள் 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாத மடங்குகளில் வரும். அதனால் பம்பையில் அடி கேட்கும், அதிர்வு கேட்கும். பாடுவதற்கான சுரம் கிடைக்காது. மிருதங்கத்தில் 'சாதம்' என்ற கருப்புப் பசையைப் பூசுவது இந்தக் குறையைத் தீர்க்கும் தந்திரம். நடுவில் ஏறும் அந்த எடை, ஒழுங்கற்ற மேல் அதிர்வுகளை முழு மடங்குகளுக்கு இழுத்து வந்துவிடுகிறது. சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

தம்புராவின் மந்தர ஸட்ஜம் தாழ்ந்த சுரம்தான், ஆனால் இடம் பெயராது. மெலடிக்கு அடியில் இன்னொரு மெலடியாக நடந்து செல்லும் தாழ்ந்த சுரத்தைத் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கியது சினிமா. அதில் பெரும் பங்கு இளையராஜாவுக்கு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தவர். அவருடைய பல பாடல்களில் பேஸ் வரி தாளத்தைத் தாங்குவதோடு நிற்காமல் தனி வழியில் போகும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை ஒருமுறை குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். இரண்டாவது பாட்டு ஒன்று உள்ளே இருப்பது தெரியும். ராஜாவின் குழுவில் சசிதரனும், ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் இல்லாமல் நாம் வளர்ந்த பாடல்கள் அதே பாடல்களாக இருக்காது.

இவ்வளவு தாழ்ந்த சுரத்தை, தோளில் மாட்டிக்கொள்ளும் அளவிலான வாத்தியத்தில் எப்படி எடுக்கிறார்கள்? கம்பியின் சட்டத்தை 1636-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்தார். கம்பி நீளமானால் சுருதி இறங்கும், கனமானால் இறங்கும், தளர்ந்தாலும் இறங்கும். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதை ஒரு ஸ்தாயி இறக்க மூன்று வழி. நீளத்தை மட்டும் மாற்றினால், 25½ அங்குலம் 51 ஆகவேண்டும், கை எட்டாது. இழுவையை மட்டும் மாற்றினால், கால்வாசியாகக் குறைக்கவேண்டும், கம்பி தொங்கும். கனத்தை மட்டும் கூட்டினால், நான்கு மடங்கு ஆக்கவேண்டும். ஒரே தடிக்கம்பியாகச் செய்தால் விறைத்து, மேற்சுர ஏணி கோணலாகிவிடும்.

கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த மூன்றுக்கும் இடையிலான பேரம். நீளம் 34 அங்குலம். இன்று வழக்கமான அளவில், கிட்டாரின் தடித்த கம்பி 0.046 அங்குலம் என்றால் பேஸின் தடித்த கம்பி 0.105, கனம் ஐந்து மடங்கு. கனத்தைக் கூட்டியும் விறைக்காமல் இருக்க, நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி வைத்து அதன்மேல் நிக்கல் அல்லது எஃகு இழையைச் சுற்றுகிறார்கள். இழுவை கிட்டார் கம்பியைவிட இரண்டு மடங்குக்கு மேல். நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை 70, 80 கிலோ பாரத்தோடு இழுக்கின்றன. அதைத் தாங்கத்தான் நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு.

இனி வியப்பான பகுதி. 'இளைய நிலா'வைக் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டாலும் பேஸ் சுரங்கள் அடையாளம் தெரிகின்றன. அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸ் தரவே முடியாது. அதன் ஒலி சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது. அப்படியானால் அடிச்சுரம் எங்கிருந்து வருகிறது?

நம் தலைக்குள்ளிருந்து. 328, 369, 410 என்று ஏணியின் மேற்படிகள் சில வந்து சேர்ந்தாலே போதும். அவற்றின் இடைவெளி 41 என்று மூளை கணக்குப் போட்டு, வராத அடிச்சுரத்தைக் கேட்டதாகவே நமக்குச் சொல்லிவிடுகிறது. ஜெர்மானியரான ஆகஸ்ட் சீபெக் 1840-களின் தொடக்கத்திலேயே சைரன்களை வைத்து இந்த விந்தையைக் காட்டினார். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. நூறை ஒட்டிய அதிர்வில் பேசும் ஆணின் குரல் அதில் பெண் குரலாக மாறிவிட்டதா? இல்லையே. அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது.

பேஸ் கிட்டாரிலும் இதுதான் நடக்கிறது. 'ஈ' கம்பியை மீட்டினால் பிக்கப்பிலிருந்து வரும் மின்குறியில் 41-ஐவிட 82 பலமாக இருப்பது சகஜம். அதற்குமேல் காதின் ஓரவஞ்சனை வேறு. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலி எவ்வளவு கேட்கிறதோ, அதே அளவு 40 ஹெர்ட்ஸில் கேட்க 80 டெசிபெல்லுக்கு மேல் வேண்டும். 40 டெசிபெல் வித்தியாசம் என்றால் ஆற்றலில் பத்தாயிரம் மடங்கு. ஆக, தாழ்ந்த சுரத்தின் சுருதியை நமக்குச் சொல்வது பெரும்பாலும் அதன் மேற்சுரங்களே. அடிச்சுரம் உடம்புக்கு, மேற்சுரம் காதுக்கு என்று சொல்லலாம். நல்ல பேஸ் கிட்டார் என்பது தரையை அதிரவைப்பது அல்ல; அந்த அதிர்வு எந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் போட்டாலும் வரும். மேற்சுர ஏணியைக் கோணாமல் தருவதுதான் நல்ல பேஸ்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். தருமபுரிக்காரருக்கு அது பெரும்பாலும் சேலமோ பெங்களூரோ. முதலில் நீளம். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டின் அகலம் ஏறத்தாழ 1.9 அங்குலம், கிட்டாரில் அது 1.4. சின்னக் கையோ, பள்ளிப் பிள்ளையோ என்றால் 30 அங்குலக் குட்டை பேஸ் இருக்கிறது. அதில் முதல் ஃப்ரெட் 1.7. குட்டை என்றால் மட்டம் என்று நினைக்கவேண்டாம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-இல் வாங்கி உலகப் புகழ் பெறவைத்த வயலின் வடிவ ஹாஃப்னர் குட்டை பேஸ்தான். ஆனால் பேரம் பேரம்தான்: நீளம் குறைந்தால் அதே சுருதிக்குக் கம்பியைத் தளர்த்தவேண்டும்; ஒலி உருண்டையாகும், மேற்சுரக் கூர்மை கொஞ்சம் குறையும்.

அடுத்து கம்பி நான்கா, ஐந்தா? ஐந்தாவது கம்பியின் 31 ஹெர்ட்ஸில் பேரம் இன்னும் இறுகுகிறது. விலை குறைந்த ஐந்து கம்பி வாத்தியங்களில் 'பி' கம்பி சுருதியே தெரியாமல் கொழகொழவென்று ஒலிப்பது இதனால்தான். கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு ஒழுங்கான நான்கு கம்பி, சுமாரான ஐந்து கம்பியைவிட மேல்.

மூன்றாவது பிக்கப். காந்தத்தின் அருகே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்ட விதி. பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்து அதிர்வை மட்டுமே அது அறியும். பிரிட்ஜிலிருந்து கம்பி நீளத்தின் கால்பங்கில் வைத்தால், அங்கே அசையாமல் நிற்கும் நான்கு மடங்கு மேற்சுரம் அதற்குக் கேட்காது. பிரிட்ஜை நெருங்கினால் மேற்சுரங்கள் ஓங்கும். நெக்கை நெருங்கினால் அடிச்சுரம் ஓங்கும். ஒரே இடத்தில் பிக்கப் வைத்த பிரிசிஷனுக்கும், 1960-இல் வந்த இரண்டு பிக்கப் 'ஜாஸ் பேஸு'க்கும் குணம் வேறுபடுவது முக்கியமாக இதனால். இரண்டையும் வாசித்துப் பார்த்து, நீங்கள் வாசிக்கப்போகும் பாட்டுக்கு எது பொருந்துகிறது என்று காது முடிவெடுக்கட்டும்.

உடல் எந்த மரம் என்பதில் கடைக்காரர் நீண்ட நேரம் பேசுவார். மின்சார வாத்தியத்தில் கம்பி, பிக்கப், விரல் மூன்றும் செய்யும் வேலைக்கு அடுத்ததுதான் அது. விரற்பலகை மட்டும் ஒரு சேதி சொல்லும். உலகெங்கும் பல கிட்டார்களின் விரற்பலகை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி, அதாவது ஈட்டி மரம். அதன் பன்னாட்டு வணிகம் 2017-இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது.

சோதனை எளிது. ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்கவேண்டும். விலகினால் பிரிட்ஜில் சரிசெய்யச் சொல்லுங்கள். சரிசெய்தும் நிற்காவிட்டால் முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். வியர்வையும் அழுக்கும் சுற்றிழைகளுக்குள் ஏறிய பழைய கம்பி, எவ்வளவு விலை உயர்ந்த வாத்தியத்தையும் ஊமையாக்கும். கோடை வெயிலிலும் மழைக்காலத்து ஈரத்திலும் நெக் கொஞ்சம் வளையும், நிமிரும். ட்ரஸ் ராட் திருகு வேலை செய்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு குழப்பம் காத்திருக்கும். 14 அடி நீள அறையில், நம் ஊர் வெப்பத்தில், 'ஈ' சுரத்தின் அலையில் சரிபாதி அப்படியே பொருந்திவிடும். அந்த ஒரு சுரம் மட்டும் சுவரோரம் பூதம்போல் முழங்கும். அறையின் நடுவே நின்றால் காணாமல் போகும். குறை வாத்தியத்தில் இல்லை, அறையில். ஆம்பை (ஒலிபெருக்கியை) மூலையிலிருந்து நகர்த்தி வைத்து, இரண்டு அடி தள்ளி நின்று கேட்டால் பாதி தீரும்.

கடைசியாகப் பணம். பலரும் முழுப் பணத்தையும் கிட்டாருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சின்னக் கிட்டார் ஆம்பை வாங்குகிறார்கள். பத்தாயிரம் மடங்குக் கணக்கை நினைத்தால் இது தலைகீழ். மேடைக்குப் பெரிய ஸ்பீக்கரும் தாராளமான வாட்டும் உள்ள பேஸ் ஆம்ப் வேண்டும். வீட்டில் பழகுவதற்கோ, பேஸுக்கான சின்ன ஹெட்ஃபோன் ஆம்பும் நல்ல ஹெட்ஃபோனும் போதும். 41 ஹெர்ட்ஸுக்கு அறையும் வேண்டாம், அக்கம்பக்கத்தாரின் பொறுமையும் வேண்டாம். அப்படி மிச்சமாகும் பணத்தில் ஒரு செட் புதுக் கம்பி வாங்கிப் போட்டால், மேற்சுரங்கள் அத்தனையும் திரும்பி வரும்.