108-க்குள்ளே ஒரு எட்டு!

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது தேனிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வளைவுகளில் இறங்கும் 108 ஆம்புலன்ஸ் வண்டிக்குள் படுத்திருப்பவரின் தலை எந்தப் பக்கம் இருக்கும், தெரியுமா? டிரைவர் பக்கம்! ஸ்ட்ரெச்சர் தலைமாடு முதலாகத்தான் உள்ளே போகும். அப்படியென்றால் மலை இறங்க இறங்கத் தலை தாழும், கால் உயரும். மூச்சுத் திணறலோடு வருகிறவருக்கு, அடிவாரத்து முந்தல் வந்து தரை சமமாகும்வரை முதுகுச் சாய்மானத்தை வழக்கத்தைவிட நிமிர்த்தி வைத்தாக வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்த 108 கடந்து போனாலும் உள்ளே சாய்மானம் எப்படி இருக்கிறதோ என்றுதான் என் மனசு ஓடுகிறது. வாருங்கள், பின்கதவைத் திறந்துவிடுவோம்!

தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுகிறவருக்குப் பைலட் என்று பெயர். பின்னால் நோயாளியோடு இருக்கிற மருத்துவ உதவியாளரை இ.எம்.டி. என்பார்கள். ஆக்சிஜன் சிலிண்டர், சளி உறிஞ்சும் கருவி, பிரசவத்துக்கான சாமான்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அவற்றைத் தொடுவதற்கு முன்பே வைத்தியம் ஆரம்பித்துவிடுகிறது. ஆளை எப்படிக் கிடத்துகிறார்கள் என்பதுதான் அந்த முதல் வைத்தியம். பைசா செலவில்லை!

நுரையீரலில் நீர் கோத்துத் தவிக்கிற பெரியவரை “படுங்கய்யா” என்று சொல்லவே கூடாது. படுத்தால் மூச்சு இன்னும் முட்டும். நிமிர்த்தி உட்காரவைத்தால் உதரவிதானம் கீழிறங்க இடம் கிடைக்கும், நெஞ்சு விரியும். இந்தச் சாய்வுக்கு ஜார்ஜ் ஃபௌலர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயர். அவர் இதைச் சொன்னது மூச்சுக்காக அல்ல, வயிற்றுக்குள் இருக்கும் சீழ் மேலே ஏறாமல் கீழே வடியட்டும் என்பதற்காக! தலை தாழ்ந்து கால் உயர்ந்த நிலைக்கு டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானியரின் பெயர். குடல் மேலே சரிந்து உதரவிதானத்தை அழுத்துவதால் இப்போது அதிர்ச்சி நிலைக்குக்கூட அதை வேண்டாம் என்கிறார்கள். போடிமெட்டு இறக்கம் கொஞ்சம் ஏமாந்தால் அதே நிலையைக் கொடுத்துவிடும். அதனால்தான் சாய்மானத்தின் மேல் அவ்வளவு கண்.

நிறைமாதக்காரிக்கு வேறு கணக்கு. “தாயி, இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க.” மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையை நசுக்கும். அது முதுகெலும்புக்கு வலப்புறம் ஓடுகிறது. ரத்த அழுத்தம் சரியும், குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையும். இடப்புறம் திரும்பினாலே பலருக்கு முகம் தெளிந்துவிடும். விழுந்து அடிபட்ட கர்ப்பிணியைப் பலகையில் கட்டியிருந்தால், திருப்ப முடியாதே? வலப்புறம் பலகைக்கு அடியில் மடித்த போர்வையைச் செருகிப் பலகையையே சாய்த்துவிடுகிறார்கள்! எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த யோசனைதான்.

இப்போது ஜீப் விபத்துக்கு வருவோம். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறுகிற ஜீப்புகள் கவிழ்ந்தால், ஓடி வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவது, சோடா கொடுப்பது. நல்ல மனசுதான். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே ஆயுசுக்கும் நடக்கவிடாமல் செய்யலாம். அரை நினைவில் இருப்பவருக்குக் கொடுத்த சோடா மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். 108 வந்ததும் என்ன நடக்கிறது பாருங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்கிறார். கழுத்துக்குக் காலர். இன்னும் மூன்று பேர் தோள், இடுப்பு, கால் என்று பிரித்துப் பிடிக்கிறார்கள். “ஒண்ணு, ரெண்டு, மூணு!” உடம்பு ஒரே மரக்கட்டையாகப் புரள்கிறது, பலகை உள்ளே நுழைகிறது. எண்ணுகிற உரிமை தலையைப் பிடித்தவருக்கு மட்டும்தான். வேறு யார் எண்ணினாலும் ஒரு கை கூட அசையாது! இரண்டே பேர் வருகிற வண்டி என்பதால், மிச்சக் கைகள் சுற்றி நிற்கிற நம்முடையவை. அவர் சொல்கிறபடி பிடித்தால் போதும்.

திராட்சைத் தோட்டத்தில் பாம்பு கடித்தவருக்கு ஒரே விதி: நடக்கக் கூடாது. கடிபட்ட காலுக்குச் சிம்பு வைத்து அசைக்காமல் தூக்கிவர வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டவே கூடாது.

வண்டி ஏற முடியாத இடங்களும் இங்கே இருக்கின்றன. அகமலைப் பக்கத்து மலைக்கிராமங்களில் இன்றும் டோலிதான். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீயின்போதும் காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கியதில் உள்ளூர்க்காரர்களின் தோள்கள் இருந்தன. டோலியில், கம்பில் கட்டிய போர்வைக்குள் உடம்பு சுருண்டு, முகவாய் நெஞ்சில் முட்டும். நினைவில்லாதவருக்கு அதுவே மூச்சை அடைத்துவிடும். போர்வைக்குள் ஒரு பலகையோ கட்டிலோ இருந்தால் முதுகு நேராக நிற்கும். இல்லாவிட்டால் ஒருவர் கூடவே நடந்து முகவாயைத் தூக்கிப் பிடித்து வரவேண்டும். வாந்தி வந்தால் உடனே இறக்கி ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். தார்ச் சாலையில் காத்திருக்கும் இ.எம்.டி. வாங்கிக்கொள்கிறபோதே கேட்பார்: எப்ப விழுந்தாரு, எப்படிக் கிடந்தாரு, வாந்தி எடுத்தாரா? அந்த மூன்றுக்கும் பதிலைக் கையோடு கொண்டுபோங்கள்.