கரிசல் பஞ்சில் ஒரு ஜீன்ஸ்: தெரியுமா உங்களுக்கு?

கோவில்பட்டி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? கடலைமிட்டாய்! அப்புறம் தீப்பெட்டி! சரிதான். ஆனால் ஜீன்ஸ் தைக்க ஏற்ற பருத்தி ஒன்று அந்த ஊரைச் சுற்றியுள்ள கரிசலில் தலைமுறை தலைமுறையாக விளைகிறது, தெரியுமா?

அதன் பெயர் கருங்கண்ணி. அமெரிக்காவிலிருந்து வந்த இனம் இல்லை, அசல் நாட்டுப் பருத்தி. இந்தக் கரிசல் பஞ்சு ‘டின்னவெல்லி’ என்ற பெயரில் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. 1901-லேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள் என்றால் பாருங்களேன்! கே 11 போன்ற ரகங்கள் அங்கே பிறந்தவைதான்.

இதில் என்ன அதிசயம்? தண்ணீர்! லீவைஸ் நிறுவனம் 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பருத்தி விதைப்பதில் தொடங்கி, நாம் உடுத்திக் கிழித்துத் தூக்கிப்போடும் வரை ஒரே ஒரு ஜீன்ஸுக்கு 3,781 லிட்டர் செலவாகிறதாம். அதில் 68 சதவீதத்தைக் குடிப்பது பருத்திக் காடு. கருங்கண்ணிக்கோ கிணறும் வேண்டாம், கால்வாயும் வேண்டாம். புரட்டாசியில், மழை வருவதற்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிடுவார்கள். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்த கரிசல், ஐப்பசி மழையை வாங்கி உப்பி மூடிக்கொள்ளும். மழை நின்றபிறகு அந்த ஈரம்தான் கணக்கு. ஆணிவேர் ஆழமாக இறங்கி, பங்குனி, சித்திரையில் பருத்தி எடுக்கும்வரை அதை உறிஞ்சியே செடி காலம் தள்ளிவிடும். ஊடே உளுந்து. விதைக்குக் கடைக்கு ஓட வேண்டாம், போன வருசத்துக் கொட்டையே போதும். சாறுறிஞ்சும் பூச்சிகளையும் ஓரளவு தாங்கும். கடைசியில் மிஞ்சுகிற பருத்திமார் அடுப்புக்கு. விளைச்சல் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தானே பலரும் இதைக் கைவிட்டார்கள். நாடு விடுதலை பெற்றபோது இந்தியப் பருத்திப் பரப்பில் பெரும்பகுதி நாட்டு ரகங்கள்தான். இன்று அவை ஒரு ஓரத்தில்.

ஆலைக்காரர்கள் சொல்லும் குறை இன்னொன்று: “இழை குட்டை, மெல்லிய நூல் வராது.” உண்மை! ஆனால் ஜீன்ஸுக்கு மெல்லிய நூல் யார் கேட்டார்கள்? நயமான வேட்டிக்கு 80, 100-ஆம் நம்பர் நூல் தேவைப்படலாம். டெனிமுக்கு 7 முதல் 16-ஆம் நம்பர் வரையிலான தடித்த நூலே போதும். நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும். ஆக, வேட்டிக்கு ஆகாத பஞ்சு டெனிமுக்கு ஆகும். இப்போது நாட்டுப் பஞ்சு பெரும்பாலும் எங்கே போகிறது தெரியுமா? ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்பதால் மருத்துவமனைப் பஞ்சாக!

விலை? இங்கேதான் எனக்கே வாய் பிளந்தது. ஒரு ஜீன்ஸுக்கு ஒரு கிலோ பஞ்சு என்று தாராளமாகவே வையுங்கள். அதற்குக் கொட்டையோடு ஏறக்குறைய மூன்று கிலோ பருத்தி. நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். எப்படிக் கூட்டினாலும் விவசாயியான சம்சாரி கைக்குப் போவது 250 ரூபாயைத் தாண்டாது. அவருக்கு இரட்டிப்பாகவே கொடுத்தாலும் ஜீன்ஸில் ஏறுவது இன்னொரு 250. இரண்டாயிரம், மூவாயிரம் என்று அட்டை தொங்குகிறதே, அது பருத்தியின் விலை இல்லை ஐயா!

மலிவாகக் கொடுக்க முடியுமா என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1990-களில் பிராண்ட் ஜீன்ஸ் ஆயிரத்தைத் தாண்டி விற்றபோது, அகமதாபாத்தின் அரவிந்த் மில்ஸ் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தது. உள்ளே டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்னால் ஒட்டும் பட்டை. விலை சுமார் 200 ரூபாய்! தைப்பது உங்கள் ஊர் தையல்காரர். ஆயிரக்கணக்கான தையல்காரர்களே விற்பனையாளர்களும் ஆனார்கள். தையல்கூலி ஊரிலேயே தங்கியது, பேன்ட்டும் அளவாக இருந்தது. இந்த யோசனையை இன்று யாரும் தூசி தட்டாதது எனக்கு ஆச்சரியம்தான்.

இனி சாயம். நீலச் சாயத்தில் தோய்த்த நூல் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது நீலமாக இருக்காது, தெரியுமா? மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் வரும், காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்! நூலின் மேல்தோலில் மட்டுமே பிடிப்பதால்தான் ஜீன்ஸ் வெளுக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி வளர்த்து இயற்கை நீலம் எடுக்கிறார்கள். அழகு, ஆனால் விலை கூடுதல். ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1897-ல் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலமும் அதே மூலக்கூறுதான். மலிவு ஜீன்ஸுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. சாயம் எதுவானாலும், கழிவுநீரை ஆற்றில் விடுகிறோமா என்பதே கேள்வி. நொய்யலைக் கெடுத்ததற்காகத் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை 2011-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது நினைவிருக்கும்.

பழசுபோலத் தெரிய வைக்கும் ‘வெளிறல்’ இருக்கிறதே, அதற்கு மணலைப் பீய்ச்சி அடித்த காலம் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் படிந்து இளம் தொழிலாளர்கள் செத்தார்கள். துருக்கி 2009-ல் அதைத் தடைசெய்தது. வெளிறலே இல்லாத கருநீல ஜீன்ஸில் அந்த வேலையும் இல்லை, அந்தச் செலவும் இல்லை!

தைக்கிற கைகள் யாருடையவை? கரிசல் கிராமத்துப் பெண்பிள்ளைகளும் அதில் உண்டு. மூன்று வருசம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ‘சுமங்கலி’ திட்டத்தில் மில் விடுதிகளில் அடைபட்டவர்களின் கதை தெற்கே எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இது: திண்டுக்கல் அருகே ஆடை ஆலைத் தொழிலாளியான ஒரு தலித் இளம்பெண் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே நடத்தும் ஒரு சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம்மும் அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’! பாலியல் தொல்லையைத் தடுக்கச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. சட்டையில் தொங்கும் ‘பசுமை’ அட்டைகளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

பின் ஏன் கருங்கண்ணி ஜீன்ஸ் கடையில் இல்லை? சிறு அளவுப் பருத்தியைத் தனியாகக் கொட்டை நீக்கி, தனியாக நூற்றுத்தர பெரிய ஆலைக்குக் கட்டுபடியாகாது. பொறிகளும் நீள இழைக்கே பழகிவிட்டன. கோவில்பட்டியில் ஆலை உண்டு, மேட்டுப்பாளையம் பக்கம் கேஜி டெனிம் உண்டு. நடுவே ஒருவர் இருநூறு மூட்டைக்கு முன்பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை? அந்த 3,781 லிட்டரில் 23 சதவீதம் நம் வீட்டுத் துவைப்பு. ஒவ்வொரு முறை உடுத்தியதும் அலசாதீர்கள்! குடிதண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய கோவில்பட்டிக்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.