ஒரு தெப்பத்துக்கு 400 முடிச்சு... 50 வயதுக்கு மேல் புதுத் தொழில் பழக முடியாதா?

மண்டபம், பாம்பன் கடற்கரைப் பக்கம் போனால், நிழலில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் கயிற்றில் பாசி கட்டுவதைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் அதை 'பெப்சி பாசி' என்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் இதன் வளர்ப்பில் இறங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். உண்மைப் பெயர் கப்பாஃபைகஸ். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது.

பார்க்க எளிதான வேலைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம். அதில் 20 கயிறுகள். ஒரு கயிற்றில் 20 இடங்களில் தலா 150 கிராம் விதைப்பாசி. ஆக, ஒரு தெப்பத்துக்கு 400 முடிச்சு, 60 கிலோ பாசி! இறுக்கிக் கட்டினால் தண்டு ஒடியும். தளர்த்திக் கட்டினால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். அறுவடைக்கு சுமார் 45 நாள்கள். இன்று சரியாக விழாத முடிச்சின் நஷ்டம் அன்றைக்குத்தான் கையைக் கடிக்கும்.

ஏன் இந்த வயதில்?

இந்தக் கரையில் பல பெண்கள் சிறு வயதிலிருந்தே கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. மூச்சடக்கி மூழ்க வயதும் இடம் கொடுப்பதில்லை. அதனால் தெப்ப வளர்ப்பு ஒரு மாற்று வழி. ஆனால் 'இனிமே எனக்கெல்லாம் எங்க வரப்போகுது' என்ற தயக்கம்தான் முதல் தடை.

வயது என்ன செய்கிறது?

எந்தக் கைத்தொழிலையும் மூன்று கட்டங்களில் பழகுகிறோம் என்று 1967-லேயே விளக்கினார்கள் உளவியல் அறிஞர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும். முதலில் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்வோம். அடுத்து தவறுகள் குறையும். கடைசியில் யோசிக்காமலேயே கை ஓடும்.

வயது கூடும்போது இந்த முதல் கட்டம் நீள்கிறது. அதற்காக, தொழிலே வராது என்று அர்த்தமில்லை. நன்றாகப் பழகிய தொழிலை வயது அவ்வளவு சுலபமாகப் பறிப்பதும் இல்லை. 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை ஆராய்ந்து 1984-ல் கட்டுரை வெளியிட்டார் அமெரிக்க உளவியலாளர் திமோத்தி சால்ட்ஹவுஸ். மூத்தவர்களின் விரல் வேகம் குறைந்திருந்தது, ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை. அடிக்கும் எழுத்துக்குச் சற்று முன்னாலேயே கண்ணை ஓட்டி அவர்கள் சமாளித்திருக்கிறார்கள்.

உண்மையான எதிரி

பழகத் தொடங்கும் நாள்களில் கவனம் முழுவதும் கைக்கே தேவை. அந்த நேரத்தில் போன் அடித்தால், பேரப்பிள்ளை அழுதால், பக்கத்தில் கதை ஓடினால் மனசு இரண்டாகப் பிரிகிறது. இளையவர்களையும் இது தடுமாற வைக்கும். மூத்தவர்களை இன்னும் அதிகமாகப் பாதிக்கும். கை பழகிவிட்ட பிறகு, பேசிக்கொண்டே கட்டினாலும் முடிச்சு சரியாக விழும்.

எப்படிக் கற்றுக்கொடுக்கலாம்?

* முதல் சில நாள்கள் போன், பேச்சு, குழந்தை கவனிப்பு எதுவும் குறுக்கிடாத இடம் வேண்டும்.
* ஒரு நாளைக்கு ஒரு வேலை. முடிச்சு கைவந்த பிறகு இடைவெளி அளவு, அதன்பிறகு வேகம்.
* வாயால் விளக்குவதைக் குறைத்து, மெதுவாகச் செய்து காட்டுங்கள். உடனே அவர்களைச் செய்யவிடுங்கள்.
* இளையவர்களோடு வேகத்தை ஒப்பிடாதீர்கள்.
* நீரோட்டம், காற்று, நல்ல பாசி எது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாய் மதிப்பிலான கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. இனி பாசி கட்டப் பழகும் கைகள் கூடும். அந்த வரிசையில் 50 வயதைக் கடந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால், 'உங்களுக்கு வராதும்மா' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம். கூடுதலாகச் சில நாள்களும் கொஞ்சம் அமைதியும் கொடுத்தால் போதும்... அவர் கட்டும் முடிச்சும் அலையில் நிற்கும்!