இராவணன் வேடம் கட்டுதல்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடையின் துணையோடு ஒரு கதையைப் பேசிப் பேசியே நடத்திச் செல்லும் விளையாட்டு ‘ரோல் பிளேயிங் கேம்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியிருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் மூத்தது. இதற்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. களத்தை விவரித்து, எதிரிகளாகவும் ஊராராகவும் தாமே பேசி ஆட்டத்தை நடத்துபவர் ‘கேம் மாஸ்டர்’ எனப்படுகிறார். ஏனையோர் தத்தம் மாந்தர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. மாந்தரை உருவாக்கும்போதே அவர் நல்லவரா தீயவரா என்று குறித்துக்கொள்ளும் முறை இவ்வாட்டத்தில் சில ஆண்டுகளுக்குள் வந்துவிட்டதால், கொடுங்கோலனாகவோ வஞ்சகனாகவோ ஆட விரும்புபவரை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலரும் சமய அமைப்புகள் சிலவும் இவ்வாட்டம் இளைஞரைக் கெடுத்துவிடும் என்று கிளர்ச்சி செய்தனர். வேடம் கட்டியவர் அந்த வேடமாகவே மாறிவிடுவார் என்ற அச்சமே அதன் அடியில் இருந்தது.

கூத்தை அறிந்த சமூகத்துக்கு இந்த அச்சமும் புதிதன்று, அதற்கான மறுமொழியும் புதிதன்று. கண்டி நகருக்கு அண்மையில், மகாவலி வளைந்தோடும் பேராதனையில், 1960களில் அந்த மறுமொழி மேடையேறியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்டுவந்த கூத்துகளைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, பேராதனை மாணவரைக் கொண்டு நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று அவை தொடர்ந்தன. இவற்றுள் மூன்றின் நடுநாயகமாக நிற்பவர்கள் கர்ணன், இராவணன், வாலி ஆகியோர் என்பது கவனிக்கத் தக்கது; மூவருமே காவியத்தில் தோற்ற தரப்பினர், தருமம் எதிரணியில் நிற்கிறது என்று சொல்லப்பட்டவர்கள்.

‘இராவணேசன்’ கூத்தை எழுதியவரும் அதில் இராவணனாக ஆடியவரும் அக்காலத்தில் மாணவராயிருந்த சி. மௌனகுரு. பின்னாளில் பேராசிரியராகி ஈழத்து அரங்க வரலாற்றை எழுதியவரும் இவரே. கூத்தின் வடமோடி மரபில் ஒவ்வொரு பாத்திரமும் ‘வரவு’ என்னும் ஆட்டத்தோடு களரி எனப்படும் ஆடுகளத்துக்குள் நுழைகிறது. மத்தளமும் தாளமும் முழங்க, அப்பாத்திரத்துக்கு உரிய தாளக்கட்டை அடிபிசகாமல் ஆடி, தான் இன்னார் என்று தன் பெருமையைத் தானே பாடிய பிறகுதான் கதை நகரும். அரசன் என்றால் அவன் நல்லவனோ தீயவனோ, வரவின் கம்பீரத்தில் குறைவைக்க முடியாது. ஆகவே இராவணன் வேடம் கட்டுபவர் உருட்டி விழித்துச் சிரிப்பதற்கு முன்னர், ஒரு பேரரசன் எப்படி நடப்பான், எப்படி நிற்பான் என்பதை உடம்பால் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தீய பாத்திரத்தை ஆடுவதற்குக் கொடுமையைக் காட்டிலும் காரணமே முதன்மையாகத் தேவை என்பதைக் கூத்து இவ்வாறு தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆர். எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தின் வழியே இராவணனை நாயகனாக்கிப் புகழ்பெற்றிருந்ததும் இங்கு நினைக்கத் தக்கது. திரைப்படத்தில் வில்லனாகவே அறியப்பட்ட ஒருவர் மேடையில் வில்லனுக்காக வாதாடியது சுவையான முரண்.

அதே பேராதனையில் சிங்கள அரங்கும் இதே கேள்வியைத் தொட்டிருந்தது. எதிரிவீர சரச்சந்திர 1961இல் மேடையேற்றிய ‘சிங்கபாகு’ நாடகத்தில், ஊர்களை அழிக்கும் சிங்கத்தை அதன் மகனே அம்பெய்து கொல்கிறான். மகன்மீதுள்ள பாசம் அதன் நெஞ்சில் இருக்கும்வரை அம்பு சிங்கத்தைத் தைப்பதில்லை, சினம் எழுந்த கணத்தில்தான் தைக்கிறது என்பது மகாவம்சம் வழிவந்த கதை. சிங்கமாக ஆடுபவர் ஊரை நடுங்கவைக்கும் விலங்காகவும் பிள்ளையைப் பிரிந்து தேடும் தகப்பனாகவும் ஒரே உடலில் தோன்ற வேண்டும். இவ்வேடத்தில் மார்க் அந்தனி பெர்னாண்டோ பெற்ற புகழ், அந்தச் சிங்கத்தைச் சபிக்க வந்தவர்கள் அதற்காகக் கலங்கிப்போனதால் கிடைத்த புகழே.

காரணம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, வேலியும் வேண்டும். தமிழ்நாட்டின் வடபகுதித் தெருக்கூத்தில், பாஞ்சாலியைத் துகிலுரியும் காட்சிக்கு முன்னர், துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, தாம் செய்யப்போவதற்காகத் திரௌபதியம்மனிடம் மன்னிப்பு வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. செயல் பாத்திரத்துக்கு உரியது, பணிவு ஆடுபவருக்கு உரியது என்று எல்லாரும் பார்க்கும்படி அங்கே பிரித்து வைக்கப்படுகிறது. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தப்பு முழங்க ஆடப்படும் காமன் கூத்திலும் வேடம் ஏற்போர் விரதம் இருந்தே ஏற்பதால், வேடத்துக்குள் போவதற்கு ஒரு வாசலும் அதிலிருந்து வெளியே வர ஒரு வாசலும் இருக்கின்றன.

மேசை ஆட்டத்தில் இந்த வேலி இயல்பாக அமைவதில்லை. கூத்தில் இராவணன் மாள்வான் என்பது தொடங்குமுன்பே ஊருக்குத் தெரியும்; மேசையிலோ தீயவன் வென்றும் விடலாம். கூத்தைப் பார்ப்பவர் களரிக்கு வெளியே இருக்கிறார். மேசையில் பார்ப்பவரே பாதிக்கப்படுபவரும் ஆகிறார், ஏனெனில் ஒருவருடைய பாத்திரம் இன்னொருவருடைய பாத்திரத்தைக் காட்டிக்கொடுத்தால், பல மாதம் பாடுபட்டு வளர்த்த மாந்தரை இழப்பவர் அருகில் அமர்ந்திருக்கும் நண்பர்தான். ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்று சொல்லித் தப்பிக்கும் ஆட்டக்காரர் இவ்வட்டங்களில் பெயர்போன தொல்லை. பாத்திரத்தை அவ்வாறு அமைத்தவர் அவரே என்பதால் அது சாக்கு மட்டுமே. ஆகவேதான் அனுபவமுள்ள குழுக்கள் முதல் ஆட்டத்துக்கு முன்னரே கூடி, எவை கதையில் வரவே கூடாது, எவை நடந்தாலும் விவரிக்கப்படாமல் திரைமறைவில் கடந்துபோக வேண்டும் என்று பேசி முடிவு செய்கின்றன. இடையில் யாருக்கேனும் பொறுக்கவில்லையெனில், காரணம் கேட்காமலே காட்சியை நிறுத்தவும் வழி வைத்துக்கொள்கின்றன. சில ஆட்டங்கள் இதை விதியாகவே ஆக்கியிருக்கின்றன: 1991இல் வெளிவந்த ‘வேம்பயர்: த மாஸ்கரேட்’ ஆட்டத்தில் எல்லாரும் இரத்தம் குடிக்கும் பேய்களே, ஆனால் கொடுமை செய்யும்தோறும் அவர்களிடம் எஞ்சியிருக்கும் மனிதத்தன்மையின் புள்ளி குறைந்துபோக, அது முற்றிலும் தீர்ந்தால் பாத்திரம் ஆட்டக்காரரின் கையைவிட்டே போய்விடும்.

தமிழில் இத்தகைய ஆட்டத்தை நடத்திப் பார்க்க விரும்புவோருக்கு, கம்பராமாயணத்து இலங்கை அவையைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. இராவணன், கும்பகருணன், இந்திரசித்து, வீடணன் ஆகிய நால்வரும் ஒரே அரண்மனையில் இருக்கின்றனர். இராவணன் சீதையைக் கவர்ந்தது தவறு என்பதை வெவ்வேறு நேரத்தில் உணர்ந்து சொல்பவர்கள் மற்ற மூவர். வீடணன் விலகிப்போகிறான், கும்பகருணன் இடித்துரைத்துவிட்டு அண்ணனுக்காகவே போருக்குப் போகிறான், இந்திரசித்து சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடும்படி தந்தையிடம் கடைசியில் சொல்லிவிட்டுக் களத்தில் மடிகிறான். இராவணனாக அமர்பவர் இம்மூவருக்கும் தம் வாயாலேயே விடை சொல்ல வேண்டியிருக்கும். வீடணனாக அமர்பவர் அணிமாறும்போது மேசையில் எழக்கூடிய கசப்பையும் குழு முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.