ஸ்டெப்னி சார், ஸ்டெப்னி!

அமெரிக்க ஃபுட்பாலில் காலைவிடக் கைக்குத்தான் வேலை ஜாஸ்தி. பந்தை எறிந்து ஆட்டத்தை ஓட்டுகிற குவார்ட்டர்பேக்தான் டிரைவர். எனக்குப் பிடித்த ஃப்ராங்க் ரைக் டிரைவர் அல்ல... ஸ்டெப்னி! பஃபலோ பில்ஸ் டீமில் ஜிம் கெல்லிக்கு அடிபட்டால்தான் இவருக்கு சான்ஸ்.

1993 ஜனவரி 3. கெல்லிக்கு முழங்காலில் காயம். ஸ்டெப்னியை மாட்டினார்கள். ஹூஸ்டன் ஆய்லர்ஸ் 35, பஃபலோ 3! 'தேறாது' என்று ரசிகர்கள் பலர் எழுந்தே போய்விட்டார்கள். மனிதர் அசரவில்லையே! எக்ஸ்ட்ரா டைம் வரை இழுத்து 41-38 என்று ஜெயித்தது பஃபலோ. 32 பாயின்ட் பள்ளத்திலிருந்து எழுந்தது ரிக்கார்டு! பரிசு? கெல்லி குணமானதும் மறுபடி பெஞ்ச்!

பிறகு கோச் ஆனார். 2018 பிப்ரவரி, சூப்பர் பவுல். பிலடெல்பியா ஈகிள்ஸின் தாக்குதல் ஆட்டத்துக்கு இவர் கோ-ஆர்டினேட்டர். அங்கேயும் முதல் ஆளுக்கு அடி! நிக் ஃபோல்ஸ் என்ற ஸ்டெப்னியை வைத்தே கப் வாங்கினார்கள். ஸ்டெப்னி மனசு ஸ்டெப்னிக்குத்தானே தெரியும்?

அப்புறம் தலைமை கோச். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2022 நவம்பரில் சீட்டைக் கிழித்தது. அடுத்த மாதமே அதே கோல்ட்ஸ், 33-0 என்று முன்னால் இருந்து மின்னசோட்டாவிடம் தோற்றது. பழைய ரிக்கார்டு உடைந்தது இப்படித்தான்! 2023-ல் கரோலினாவும் 11 ஆட்டத்தோடு அனுப்பிவிட்டது.

நான் படித்த பி.காம். கணக்கில் இதெல்லாம் நஷ்டம்தான். ஆனால் நடுரோட்டில் டயர் வெடித்தால் நாம் தேடுவது பேலன்ஸ் ஷீட்டையா, ஸ்டெப்னியையா?