கதர் அங்கியும் வைத்தியப் பட்டமும்

அரியக்குடியிலிருந்து நமது நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரி சிவகங்கை அரசாங்க வைத்தியக் கல்லூரியில் வாசித்து வருகிறாள். படிப்பு முடிந்ததும் அயல்நாடு சென்று ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்கிறாளாம். "ஜனங்களின் வரிப்பணத்தில் கற்ற வித்தையை அந்நியருக்குக் கொடுப்பது தகுமா? நான் தடுக்கலாமா?" என்று கேட்கிறார். ராமாநுஜய்யங்காரின் சங்கீதத்தால் பெயர் பெற்ற ஊரிலிருந்து வைத்தியத்தைப் பற்றிக் கேள்வி வந்திருப்பது நமக்கு மகிழ்ச்சியே.

சென்னை வைத்தியக் கல்லூரியின் சரித்திரத்தைச் சிறிது புரட்டுவோம். 1835-ல் பாடசாலையாக ஆரம்பித்து 1850-ல் கல்லூரியானது அது. அந்நிய ஆட்சி தனக்கு வேண்டிய வைத்தியச் சிப்பந்திகளைத் தயாரிக்கவே அதை ஏற்படுத்தியது. ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும். லண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டமளிக்க முன்வந்தது 1878-ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்களைச் சென்னை சேர்த்துக்கொண்டது.

பெண்களுக்குக் கதவைத் திறந்த அக் கல்லூரி, கதருக்குத் திறக்கவில்லை. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அங்கே மாணவராக இருந்தபோது, காந்தியடிகளின் சொல்லுக்கிணங்கி, ரணசிகிச்சை அங்கியையும் கதரிலேயே அணிந்து வந்தார். ஆங்கிலேய ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நன்றாகத் தேறியும் எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. பிறகு அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி நடத்தினார்.

இளமையில் அவருடைய சகோதரர் இருவரை ஸ்புரூ என்னும் வயிற்றுநோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. அந்நோயைத் தீர்க்க உதவும் போலிக் அமிலத்தை 1945-ல் செயற்கையில் ஆக்கியது அவருடைய தலைமையில் வேலை செய்த கோஷ்டிதான். யானைக்கால் வியாதிக்கு நமது சர்க்கார் ஊர் ஊராக வழங்கி வந்திருக்கும் மாத்திரை, அவருடைய ஆராய்ச்சிசாலையிலிருந்து 1947-ல் வெளிவந்த மருந்தே. அங்கு தயாரான வேறொரு மருந்தை ஸிட்னி பார்பர் 1948-ல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துக் குணம் கண்டார். அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் அயல்நாட்டிலேயே காலமானார். தேசம் சுதந்திரமடைந்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது.

அரியக்குடிக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவ்வூர் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஆட்சேபித்தவர்களை மீறி இடம் கொடுத்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1907-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் தேறினார். சென்னைச் சட்டசபையின் உபதலைவராக இருந்து தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியதை நமது நேயர்கள் அறிவார்கள். 1930-ல் காந்தியடிகள் சிறைப்பட்டதும் அங்கத்தினர் பதவியை உதறினார். 1923-ல் தம் இளைய சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை அவர் மறக்கவேயில்லை. முப்பத்தோராண்டுகள் கழித்து, 1954-ல், அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

அதே கல்லூரியில் 1949-ல் பட்டம் பெற்ற டாக்டர் வி. சாந்தா, கையிலிருந்த சர்க்கார் உத்தியோகத்தை விட்டு 1955-ல் அங்கே வந்தார். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்து, 2021-ல் மறையும் வரை அதற்கே உழைத்தார். சென்னை மறுத்துவிட்ட மாணவர் கடல் கடந்து வளர்த்த ஆராய்ச்சியின் பலன், சென்னையிலேயே தங்கிவிட்ட மாணவியின் கையால் நமது குழந்தைகளுக்குக் கிடைத்தது. இவ்விருவரில் எவர் தேசத்துக்குக் கடன் தீர்த்தார், எவர் தீர்க்கவில்லை என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது.

சுப்பாராவ் போனது குற்றமன்று. அவரைப் போக விட்டதே குற்றம். அன்று அந்நிய சர்க்கார் மீது பழி போட முடிந்தது. இன்று அந்த வசதி நமக்கில்லை.

ஆகையால் அரியக்குடி நேயர் தம் குமாரியைத் தடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாகத் தமது சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். சிவகங்கையில் 2012-லும் புதுக்கோட்டையில் 2017-லும் கல்லூரிகள் திறந்தாயிற்று. திரும்பி வரும் பெண் உட்கார்ந்து வேலை செய்ய ஆராய்ச்சிசாலை எப்பொழுது திறக்கப் போகிறீர்கள் என்று கேட்கட்டும். பதில் வருமானால் அதை இதே இடத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.