'லேட்டஸ்ட்'னு எழுதியிருந்தா லேட்டஸ்ட்டா பாஸ்?

பரோட்டா பார்சல் வாங்காத காலேஜ் ஸ்டூடண்ட் உண்டா? பரோட்டா, சால்னா, வெங்காயம்... எல்லாத்தையும் ஒரே பையில கட்டித் தந்துடுவாங்க. ரூமுக்குப் போய் எதையும் தேட வேண்டாம். சாஃப்ட்வேர் உலகத்துல இந்தப் பார்சலுக்குப் பேருதான் கன்டெய்னர் இமேஜ். புரோகிராம், அது ஓடத் தேவையான லைப்ரரிகள், அடியில கொஞ்சம் லினக்ஸ் ஃபைல்கள்னு அத்தனையும் ஒரே கட்டு. 2013-ல டாக்கர் வந்த பிறகு இது ரொம்பப் பிரபலம். இந்தப் பார்சல்களை அடுக்கி வெச்சிருக்கிற கிடங்குதான் ரெஜிஸ்ட்ரி.

சிக்கல் என்னன்னா, கட்டினப்போ உள்ளே போன லைப்ரரி அப்படியே உறைஞ்சு நிக்கும். 2021 டிசம்பர்ல லாக்4ஜே லைப்ரரியில ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது தெரியவந்தது. ஆபத்துக்கான மதிப்பெண் பத்துக்குப் பத்து! திருத்தின பதிப்புகள் அதே மாசம் வந்துடுச்சு. ஆனா, பழைய இமேஜுக்குள்ள உட்கார்ந்திருந்த லாக்4ஜே தானா மாறாதே... இமேஜைப் புதுசா கட்டணும். அதுக்கு முதல்ல எது பழசுன்னு கண்டுபிடிக்கணும்!

நான் இன்டர்னா போற கம்பெனியில இதுக்குன்னே எழுதின ஒரு குட்டி புரோகிராம் ரிவ்யூவுக்கு வந்தது. ஓட்டினா, 'எல்லா இமேஜும் புதுசு'ன்னு பச்சை எழுத்து பளிச்சுனு சிரிச்சது. இந்த மாதிரி கோடைப் பார்த்தா, கைதட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்கணும்.

எதை வெச்சுப் 'பழசு'ங்கிறே?

கட்டின தேதியை வெச்சுன்னா, உஷார்! கூகுளோட ஜிப் டூல் கட்டுற இமேஜ்ல வழக்கமா 1970 ஜனவரி 1-னுதான் தேதி இருக்கும். பில்ட்பேக்ஸ்ல 1980 ஜனவரி 1. ஒரே கோடை எத்தனை முறை கட்டினாலும் இம்மி பிசகாம அதே இமேஜ் வரணும்னு வேணும்னே அப்படி வைக்கிறாங்க. தேதியை நம்பினா, நேத்து பிறந்த குழந்தையை 'தாத்தா'ன்னு கூப்பிட்ட கதைதான். தலைகீழாவும் நடக்கும். டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30-ஓட முடிஞ்சுபோச்சு. அதை அடியில வெச்சு இன்னிக்கு ஒரு இமேஜ் கட்டினா, தேதி புதுசு, சால்னா பழசு!

நம்பரை நம்பராப் படிக்குதா?

பைத்தான் 3.9 வந்தது 2020 அக்டோபர்ல. 3.10 வந்தது 2021 அக்டோபர்ல. ஆனா, வெறும் எழுத்தா ஒப்பிட்டா, 1-ஐவிட 9 பெருசு, அதனால 3.9-தான் புதுசுன்னு புரோகிராம் சத்தியம் பண்ணும். புள்ளிக்கு ரெண்டு பக்கமும் பிரிச்சு, எண்ணா மாத்தித்தான் ஒப்பிடணும்.

பேரைப் பார்க்குதா, ஆளைப் பார்க்குதா?

'லேட்டஸ்ட்'ங்கிறது வெறும் லேபிள். நாம எந்த டேகும் சொல்லலைன்னா டாக்கர் அதைத்தான் எடுத்துக்கும். மத்தபடி, அதுதான் புதுசுங்கிறதுக்கு எந்த கேரன்ட்டியும் இல்லை. ஒரே டேகை இன்னிக்கு ஒரு இமேஜ்லயும், நாளைக்கு வேற இமேஜ்லயும் ஒட்டலாம். இமேஜோட கைரேகை மாதிரி இருக்கிறது டைஜஸ்ட். எஸ்ஹெச்ஏ-256 முறையில வர்ற 64 எழுத்து. உள்ளே ஒரு பைட் மாறினாலும் கைரேகை மாறிடும். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

பதில் வரலைன்னா என்ன பண்ணுது?

நாலுல பெரிய கேள்வி இதுதான். டேக் லிஸ்ட் நீளமா இருந்தா, ரெஜிஸ்ட்ரி அதைப் பக்கம் பக்கமா தரும். முதல் பக்கத்தோட நிறுத்திட்டா, மிச்சம் அம்போ! அப்புறம், டாக்கர் ஹப் 2020 நவம்பர்ல, லாகின் பண்ணாம இமேஜ் எடுக்கிறவங்களுக்கு 6 மணி நேரத்துக்கு 100 முறைன்னு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அளவு தாண்டினா வர்றது 429-ங்கிற எர்ரர்.

நான் பார்த்த கோட்ல, எர்ரர் வந்தா அந்த இமேஜைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிடுன்னு ரெண்டே ரெண்டு வரி. பார்க்காத இமேஜ் பழசு லிஸ்ட்ல வராது. பழசு லிஸ்ட் காலின்னா பச்சை எழுத்து. ஆகமொத்தம், நெட்டே இல்லைன்னாலும் இந்த புரோகிராமுக்கு எல்லாம் புதுசு! அட்டெண்டன்ஸ் எடுக்காமலே 'எல்லாரும் பிரசென்ட்'னு கையெழுத்துப் போட்ட மாதிரி.

மருந்து சுலபம். 'புதுசு', 'பழசு'ங்கிற ரெண்டு பதிலோட 'தெரியலை'ன்னு மூணாவது ஒண்ணு சேர்க்கணும். மொத்தம் எத்தனை, பார்த்தது எத்தனைன்னு கடைசியில எண்ணிக்கை காட்டணும். அப்புறம், பழசுன்னு உங்களுக்கே நல்லாத் தெரிஞ்ச ஒரு இமேஜை வேணும்னே உள்ளே போட்டு ஓட்டிப் பாருங்க. அதைக்கூடப் பிடிக்காத புரோகிராமோட பச்சை எழுத்துக்கு என்ன மரியாதை?

காலேஜ்ல ரிவ்யூன்னா ஸ்பேஸ் சரியா விட்டிருக்கானா, வேரியபிள் பேரு அழகா இருக்கான்னு பார்க்கிறதோட முடிச்சுக்கிறோம். தப்பா பதில் சொல்ற புரோகிராம் என்னிக்காவது மாட்டிக்கும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றது மாட்டவே மாட்டாது. ஓட்டை வழியா எவனாவது உள்ளே வர்றவரைக்கும்! அதனால, 'மச்சி, ஓடுது பாரு'ன்னு ஃப்ரெண்டு கோடைக் காட்டினா, பாராட்டிட்டு அப்படியே நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்க. அப்பவும் பச்சை சிரிச்சா... ட்ரீட்டைத் தள்ளிவைங்க பாஸ்!